புதுக் காருக்குப் பழைய வேன் முகம்: பாம்பன் கரையில் என்னிடம் கேட்ட கேள்விகள்

மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போய்த் திரும்புவதற்குள் ரெண்டு பேராவது கை காட்டி வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். உச்சிப்புளி டீக்கடை, பாம்பன் ரோட்டுப் பாலம், கீழக்கரை பெட்ரோல் பங்க் என்று எங்கே நின்றாலும் அதே கேள்விகள். என் வண்டி 2020 வேகன் ஆர். 2023 மாசியில் அதற்குப் பழைய வேன் தோற்றம் கொடுத்தேன். மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி கடல்பச்சை, வட்டக் கண், முகத்தில் 'வி' மாதிரி இறங்கும் கோடு.

நான் மெக்கானிக் இல்லை, ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இந்த வேலையில் நான்கு மாதம் கூடவே நின்றதில் தெரிந்துகொண்டதையும், தப்பு செய்து திருத்திக்கொண்டதையும் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

அண்ணே, இது எந்த கம்பெனி வண்டி? வெளிநாட்டுல இருந்து இறக்குனதா?

மாருதி வேகன் ஆர்தான். இன்ஜின், கதவு, கண்ணாடி, சக்கரம் எதையும் மாற்றவில்லை. பெயின்ட் புதுசு, முன்பக்கம் ஒரு பைபர் முகம் புதுசு, உள்ளே சீட் துணி புதுசு. அவ்வளவுதான்.

இந்த மூஞ்சி எந்த வண்டியோடது?

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் வேன். 1947இல் பென் போன் என்ற டச்சு கார் வியாபாரி ஒரு நோட்டில் கிறுக்கிய படத்திலிருந்து பிறந்தது. 1950இல் தயாரிப்புக்கு வந்தது. முதல் வண்டிகளில் 1,131 சிசி இன்ஜின், ஏறக்குறைய 25 குதிரைசக்தி. கண்ணாடி நடுவில் பிளந்து, 'வி' கோடு போட்ட முகம் ஜெர்மனியில் 1967 வரைக்கும் வந்தது. அதற்கடுத்த மாடல் பிரேசிலில் 2013 கடைசி வரை ஓடியது.

அந்த முகத்துக்கு ஒரு காரணம் உண்டு. இன்ஜின் பின்னால், அதுவும் காற்றால் குளிரும் இன்ஜின். முன்னால் ரேடியேட்டரே இல்லை என்பதால் கிரில் தேவைப்படவில்லை. அதனால்தான் முகம் தட்டையாக, மழமழவென்று இருக்கிறது. இதை மனதில் வையுங்கள், இன்ஜின் சூடு பற்றிய கேள்வியில் திரும்ப வரும்.

சின்ன வண்டிக்கு அந்த முகம் வைப்பதும் நான் தொடங்கியதல்ல. ஜப்பானில் சுபாரு சாம்பர் மாதிரி குட்டி வேன்களுக்கு இதே முகத்தை வைத்து எத்தனையோ வருடமாக ஓட்டுகிறார்கள். இத்தாலியில் கசெலானி என்பவர் 2017இல் புது சிட்ரோயன் வேனுக்கு, பழைய 'எச்' வேனின் வரிவரியான தகட்டு உடம்பைத் தயாரித்து மாட்டினார்.

நம்ம ஊர்ல அந்த வண்டியே ஓடலையே, அப்புறம் ஏன் அதைப் போய் வச்சீங்க?

இந்தக் கேள்வி என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. கேட்டவர் தேவிபட்டினத்துப் பெரியவர். அவர் சொன்னது சரி. நம் பக்கம் வேன் என்றால் மெட்டடோர்தான். நவபாஷாணத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஆட்களை ஏற்றி வந்ததும், கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் இறக்கியதும், ஏர்வாடி தர்காவுக்குக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிப் போனதும் அதுதான். எங்கள் அப்பா ஐந்து வருடம் மெட்டடோர் ஓட்டினார். அதன் மூக்கு அவருடைய மூக்கு மாதிரியே எனக்குப் பழக்கம்.

ஆனால் ரெண்டு வண்டிக்கும் உறவு இருக்கிறது. பஜாஜ் டெம்போ நம் நாட்டில் செய்த மெட்டடோரின் பெயரும் வம்சமும் ஜெர்மனியின் டெம்போ கம்பெனியிலிருந்து வந்தவை. அங்கே 1949இல் வந்த முதல் மெட்டடோர் ஃபோக்ஸ்வேகன் இன்ஜினில்தான் ஓடியது. ஃபோக்ஸ்வேகன் சொந்தமாக வேன் போட்ட பிறகு இன்ஜின் தருவதை நிறுத்திவிட்டது. ஆக என் வண்டியின் முகம் ஃபோக்ஸ்வேகனுடையது. வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவே ஓடும் மெல்லிய மெரூன் கோடு அப்பா ஓட்டிய மெட்டடோருடையது. நீங்கள் செய்தால் முழுசாக மெட்டடோர் முகமே வையுங்கள் என்றுதான் சொல்வேன். அது இன்னும் நம்முடையதாக இருக்கும்.

எந்த கார் இதுக்குத் தோதா வரும்?

பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கிற வண்டி எதுவும் வரும். பக்கவாட்டு தட்டையாகவும், கூரை உயரமாகவும், மூக்கு குட்டையாகவும் இருக்க வேண்டும். ஈகோ எல்லாவற்றிலும் நல்லது. இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில், மூக்கு சின்னது, தள்ளுகதவு வேறு. வேகன் ஆர் அடுத்தது. எஸ்-பிரெஸ்ஸோவும் பரவாயில்லை. ஸ்விஃப்ட் மாதிரி முன்னே சரிந்து ஓடும் உருவத்துக்கு இது பொருந்தாது. 'வி' கோடு சரிவில் வளைந்து, சிரிக்கிற வாய் மாதிரி ஆகிவிடும்.

பழைய ஆம்னி வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1984இல் மாருதி வேனாக வந்து 2019இல் நின்றுபோன அந்த வண்டிக்கு மூக்கே கிடையாது. பெயின்ட் மட்டும் அடித்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் நம் கரையில் துரு பிடிக்காத ஆம்னி கிடைப்பது கஷ்டம். வாங்கும் முன் கால்மிதியை விலக்கி, அடித்தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.

ஆர்டிஓ பிடிச்சா என்ன பண்ணுவீங்க?

பிடித்தால் காட்ட ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், எல்லாம் ஏறியிருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வதன் சாரம் இதுதான்: தயாரித்த கம்பெனி குறிப்பிட்டு, பதிவுச் சான்றில் ஏறியிருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அனுமதியில்லாமல் மாற்றினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, ரெண்டுமோ விதிக்கலாம்.

அதனால் என் விதி எளிமையானது. நீளம், அகலம், உயரம், சீட் எண்ணிக்கை, இன்ஜின், சேஸிஸ் எதையும் தொடவில்லை. பைபர் முகம் பம்பரின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல்கூட வெளியே நீட்டவில்லை. வேலை தொடங்கும் முன்பே, வண்ண மாற்றத்துக்கு மனு கொடுத்தபோது முகத்தின் வரைபடத்தையும் அலுவலகத்தில் காட்டிக் கேட்டேன். நீங்களும் முதலில் கேளுங்கள், அப்புறம் பெயின்ட் கடைக்குப் போங்கள். முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் 'கழட்டு' என்ற ஒரே பதில் வரக்கூடும்.

கலர் மாத்துனா ஆர்சியில ஏத்தணுமா? ஸ்டிக்கர்தான் ஒட்டுறேன், அதுக்கு வேண்டாம்ல?

ஏற்ற வேண்டும். ஆர்சியில் நிறம் என்று ஒரு வரி இருக்கிறது, வண்டி அதற்கு ஒத்துப்போக வேண்டும். பெயின்டா ஸ்டிக்கரா என்பது கேள்வியே இல்லை, முழு வண்டியும் வேறு நிறமாகத் தெரிந்தால் அது நிற மாற்றம்தான். அரசின் பரிவாகன் இணையதளத்தில் மனு போட்டு, வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கடனில் இருக்கும் வண்டி என்றால் பைனான்ஸ்காரரின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள்.

ஸ்டிக்கரைப் பொறுத்தவரை இன்னொரு விஷயம். நம் வெயிலிலும் உப்பிலும் அதன் ஓரம் சீக்கிரம் எழும்பிவிடுகிறது. எழும்பிய இடத்தில் உப்பு ஈரம் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பிரித்துப் பார்க்கும்வரை வெளியே தெரியாது.

பழைய மிலிட்டரி பச்சை அடிச்சா கெத்தா இருக்குமே மச்சான்?

அடிக்க முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 121இன்படி ஆலிவ் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டும்தான். கடல்பச்சை, கிளிப்பச்சை, இளநீர்ப்பச்சை எது வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், அந்த ஒன்று வேண்டாம்.

மொத்தம் எவ்வளவு ஆச்சு?

என் கணக்கு நோட்டில் இருப்பது: பெயின்ட் 46,000, பைபர் முகம் 14,000, சீட்டும் கதவுப் பட்டையும் 11,500, சில்லறை 4,000 சொச்சம். இது 2023இல் என் வண்டிக்கு ஆனது, உங்களுக்கு மாறும். முதலில் செய்த முகம் வீணாகி ரெண்டாவது முகம் செய்ததும் இதில் சேர்ந்திருக்கிறது.

காசு குறைவாக இருந்தால் பெயின்டில் குறைக்காதீர்கள். முகமே வைக்காமல் இரட்டை நிறம் மட்டும் நல்ல கையில் அடித்துவிடுங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு வேன் தோற்றத்தைத் தருவதில் பெரிய பங்கு அந்த நிறப் பிரிவுக்குத்தான்.

இந்த உப்புக்காத்துல பெயின்ட் எத்தனை நாள் நிக்கும்?

எல்லாம் அடியில் செய்யும் வேலையைப் பொறுத்தது. நமக்கு ரெண்டு பக்கமும் கடல், வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் உப்புதான் வரும். தகட்டில் கண்ணுக்குத் தெரியாத உப்பு ஒட்டியிருக்கும்போது அதன் மேல் பிரைமர் அடித்தால், அந்த உப்பு பெயின்ட் வழியே ஈரத்தை இழுத்துக்கொண்டு கொப்புளம் விடும். பெயின்ட் எவ்வளவு விலையுள்ளதாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

ஆகவே பட்டி தேய்ப்பதற்கு முன்னும், தேய்த்து முடித்த பின்னும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் என்றால் நாக்கில் வைத்தால் கரிக்காத தண்ணீர். எங்கள் தெரு போர் தண்ணீரில் கழுவினால் கழுவாமலே விடலாம். இந்த வேலைக்கு மட்டும் நான் நாலு குடம் குடிதண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

இன்னொன்று, இந்தப் பக்கம் முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது: காரின் தகட்டில் புதிதாக ஒரு துளைகூடப் போடாதீர்கள். கம்பெனியில் தகட்டை முக்கி எடுத்துக் கொடுத்த காப்பு அந்த இடத்தில் போய்விடுகிறது. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் துளை போட்டால் ஸ்குரூ நிற்கும். இங்கே ஸ்குரூவைச் சுற்றி அடுத்த வாடைக்குள் பழுப்புக் கோடு வழியும்.

எந்த மாசத்துல அடிக்கலாம்?

மாசி, பங்குனி. ஐப்பசி கார்த்திகையில் ஈரப்பதம் ஏறி பெயின்ட் வெளுத்துப் போகும். ஆனி ஆடியில் காற்று மணலை அள்ளிக் கொட்டும். கதவடைத்த பெயின்ட் அறை உள்ள கடை என்றால் மாதம் பார்க்க வேண்டாம்.

அந்த 'வி' கோட்டை எப்படிப் போட்டீங்க? அது மேல பீடிங் ஒட்டிக்கலாமா?

பழைய வேனில் அந்தக் கோடு தகட்டிலேயே அழுத்தி எடுத்த மடிப்பு. நம் வண்டியில் மடிப்பு இல்லை, அதனால் கோட்டின் இடத்தை நாமே தீர்மானிக்க வேண்டும். நான் பெயின்ட் கடைக்குப் போகும் முன் பத்து நாள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, மாஸ்கிங் டேப்பை ஒட்டி ஒட்டிப் பார்த்தேன். முதலில் கதவுக் கைப்பிடிக்கு மேலே வைத்தேன், பால் வண்டி மாதிரி இருந்தது. நாலு விரல் இறக்கிக் கைப்பிடிக்குக் கீழே கொண்டுவந்ததும் சரியாக உட்கார்ந்தது. பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், முப்பது அடி தள்ளிப்போய்ப் பாருங்கள்.

அடிக்கும் வரிசை: முதலில் வெள்ளை முழுவதும், காய்ந்த பின் டேப் ஒட்டி கீழே நிறம். மாற்றி அடித்தால் பச்சை வெள்ளைக்குள் கசிந்து தெரியும். பீடிங், அதாவது மேலே ஒட்டும் பட்டை, வேண்டாம். அதன் பின்னால் ஈரமும் தூசியும் தேங்கும், ஸ்டிக்கர் ஓரத்துக்குச் சொன்ன கதைதான். எங்கள் ஊரில் படகில் பெயர் எழுதுகிற பெயின்டர் கையாலேயே மெரூன் கோட்டை இழுத்தார். ஒரே மூச்சில், தூரிகையை எடுக்காமல்.

மேல்பாதிக்கு வெள்ளை வைப்பது அழகுக்கு மட்டும் இல்லை. சித்திரை வெயிலில் வெள்ளைக் கூரை சூட்டைத் திருப்பி அனுப்பும். கறுப்புக் கூரை வேண்டும் என்று கேட்கும் தம்பிகளுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

முன் மூஞ்சிய எங்க செஞ்சு வாங்குனீங்க? சென்னையா, கோயம்புத்தூரா?

இங்கேதான், படகு கட்டுகிற இடத்தில். பைபர் படகு செய்கிறவர்களுக்கு இது சின்ன வேலை. மோல்டு, மெழுகு, ஜெல்கோட் என்ற மேல்பூச்சு, மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பு, ரெசின், எல்லாம் அவர்கள் தினம் தொடுகிற பொருள். முதலில் தெர்மோகோலை வண்டியின் முன் வைத்துச் செதுக்கினோம். அதன் மேல் பட்டி பூசி வழவழப்பாக்கி அச்சு எடுத்தோம், அச்சிலிருந்து முகம் எடுத்தோம். தெர்மோகோலில் ரெசின் நேராகப் பட்டால் கரைந்துவிடும், நடுவில் காகிதமோ பட்டியோ ஒரு தடுப்பு வேண்டும். இதை முகம் செய்து கொடுத்த படகு வேலைக்கார மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் என்னிடம் முதலில் சொன்னது ஒரு எச்சரிக்கை. ரெசினில் கோபால்ட்டும் ஹார்டனரும் சேர்ப்பார்கள். ரெண்டையும் நேராக ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். வீட்டில் வீடியோ பார்த்துச் செய்ய நினைப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே தெரிந்தவர் கையில் விட்டுவிடுங்கள்.

படகு வேலைக்காரர்கள் பழக்கத்தில் மேட்டைக் கனமாகப் போட்டுவிடுவார்கள், அலையைத் தாங்க வேண்டுமே. காருக்கு ரெண்டு மடிப்பு போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கனம் கூடினால் அது தொங்கும் போல்ட்டும் கிளிப்பும் தளரும். முகத்தை மாட்டியது பழைய கிரில்லுக்கு இருந்த துளைகளிலேயே. புதுத் துளை இல்லை.

முன்னாடி மூடியிருக்கே, இன்ஜின் சூடாகாதா?

ஆனது. முதல் முகம் அசல் ஃபோக்ஸ்வேகன் மாதிரியே முழுசாக மூடியது. பார்க்க அவ்வளவு அழகு. மதுரைக்குப் போகும்போது, பரமக்குடி தாண்டி உச்சி வெயிலில் முதலில் ஏசி குளிரவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். பத்து நிமிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி ஒரு மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றோம், கூட அம்மா.

காரணம் ரெண்டாவது கேள்வியில் சொன்னதுதான். அந்த வேனுக்கு முன்னால் ரேடியேட்டர் கிடையாது, நம் காருக்கு உண்டு. ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கண்டென்சர் நிற்கிறது. காற்று அடைபட்டால் முதலில் ஏசி சோர்ந்துபோகும், அப்புறம்தான் இன்ஜின். ஆகவே ஏசி திடீரென்று குளிராவிட்டால் முகத்தைச் சந்தேகப்படுங்கள்.

ரெண்டாவது முகத்தில் 'வி' கோட்டுக்குக் கீழே குறுக்காக அஞ்சு நீளக் கீறல் விட்டு, பின்னால் கறுப்பு வலை வைத்தோம். பழைய கிரில்லின் திறப்பைக் காகிதத்தில் வரைந்து கணக்கிட்டு, அதைவிடக் குறையாமல் பார்த்துக்கொண்டோம். தூரத்தில் நின்றால் கீறல் நிழல் மாதிரிதான் தெரியும். அதற்குப் பிறகு ரெண்டு கோடை மதுரை போய் வந்துவிட்டேன், விளக்கு எரியவில்லை. இதனால்தான் ஸ்டெப்னியை முகத்தில் மாட்டச் சொல்பவர்களுக்கும் முடியாது என்கிறேன். காற்றை அடைக்கும், வண்டி நீளத்தைக் கூட்டும், குறுக்கே வருகிற ஆளின் மேல் பட்டால் பெரிய காயமாகும்.

வட்ட லைட் ஒரிஜினலா, மாத்துனதா?

லைட் கம்பெனி லைட்டேதான். வட்டம் பைபர் முகத்தில் இருக்கிறது. விளக்கின் கண்ணாடி முழுவதும் வட்டத்துக்குள் வரும்படி பெரிதாக வைத்து, மீதி இடத்தில் வெள்ளை அடித்தோம். விளக்கின் ஒரு மூலைகூட மறையவில்லை, இண்டிகேட்டரும் மறையவில்லை. ராத்திரி சாயல்குடி பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆடும் மாடும் படுத்திருக்கும். அங்கே வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு அழகு பார்க்கக் கூடாது.

நடுவுல சங்கு இருக்கே, ஃபோக்ஸ்வேகன் எம்ப்ளம் வைக்கலையா?

அது அவர்களுடைய வணிக முத்திரை. அவர்கள் செய்யாத வண்டியில் அதை மாட்டுவது சரியில்லை என்பது என் எண்ணம், சிக்கலும் வரலாம். கீழக்கரையில் சங்கு குளித்த பரம்பரை என் அம்மா வழித் தாத்தா வீடு. அதனால் வலம்புரிச் சங்கு ஒன்றை அதே பைபரில் வார்த்து வைத்தோம். குழந்தைகள் எல்லாம் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

டயர்ல வெள்ளை வளையம், பளபளன்னு குரோம் பம்பர் எல்லாம் போடலையே?

குரோம் நம் கரைக்கு ஆகாது. சின்னச் சின்னப் புள்ளியாகத் துரு பொத்துக்கொண்டு வரும். சாதாரணப் பழைய வேன்களிலும் பம்பர் பெயின்ட் அடித்ததுதான், அதனால் வெள்ளை அடித்தது பொருத்தமாகவே இருக்கிறது. சக்கரம் கம்பெனி இரும்புச் சக்கரம், அதற்கும் வெள்ளை, நடுவே வட்ட மூடி.

டயர் வளையம் ரப்பரில் தனியாக வருகிறது. சக்கரத்துக்கும் டயருக்கும் நடுவில் செருக வேண்டும். உள்ளே மணல் புகுந்தால் டயரின் பக்கச் சுவரைத் தேய்த்துவிடும். மணல் ரோட்டில் தினம் ஓடும் வண்டிக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். டயர் அளவையும் மாற்றவில்லை.

மேல மரக் கேரியர் வச்சா இன்னும் நல்லா இருக்குமே?

இருக்கும். வைத்தேன், எடுத்தும்விட்டேன். பொருத்திய கடையில் நான் இல்லாத நேரத்தில் கூரையின் ஓரக் கால்வாயில் நாலு துளை போட்டுவிட்டார்கள். எட்டே மாதத்தில் கூரைத் துணியில் பழுப்புக் கறை. திரும்ப அடைக்க ஆன செலவு கேரியரைவிட அதிகம். எவர்சில்வர் ஸ்குரூதானே என்றார்கள். எவர்சில்வர் துருப்பிடிக்காது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் சாதா தகடு உப்பு ஈரத்தில் இன்னும் வேகமாக அரிக்கும். எங்காவது போட்டே ஆக வேண்டுமென்றால் நடுவில் நைலான் வாஷர் வையுங்கள்.

கவ்விப் பிடிக்கிற வகைக் கேரியர் துளை இல்லாமல் வருகிறது. வேலைக்குத் தேவைப்படும் நாளில் மாட்டி, முடிந்ததும் கழட்டலாம். பாம்பன் பாலத்தில் காற்று கூடினால் ரயிலையே நிறுத்தி வைக்கிறார்கள். ஏற்கெனவே உயரமான வண்டியின் தலையில் நிரந்தரமாகச் சுமை ஏற்றி, 2.3 கிலோமீட்டர் பக்கவாட்டுக் காற்றில் போவதில் எனக்கு விருப்பமில்லை.

போட்டுக்கு அடியில ஜிங்க் கட்டி வைக்கிற மாதிரி காருக்கும் வச்சா துரு வராதுல்ல?

பாம்பனில் ஒரு விசைப்படகு டிரைவர் அண்ணன் கேட்ட நல்ல கேள்வி. வேலை செய்யாது. படகில் ஜிங்க் கட்டியும் காக்க வேண்டிய இரும்பும் ஒரே கடல்நீரில் முங்கியிருக்கின்றன. அந்தத் தண்ணீர் வழியாக மின்சாரம் ஓடுவதால்தான் ஜிங்க் தன்னைக் கரைத்து மற்றதைக் காக்கிறது. கார் காற்றில் நிற்கிறது. ஒரு மூலையில் வைத்த கட்டியால் இன்னொரு மூலைக் கதவைக் காக்க வழியில்லை.

ஜிங்க்கைப் பெயின்டாகத் தகட்டின் மேலேயே பூசினால் அது வேலை செய்யும், ஏனென்றால் அங்கே ரெண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. துரு சுரண்டிய இடத்தில் ஜிங்க் பிரைமர் கேட்டு வாங்கி அடிக்கச் சொல்லுங்கள். அடியில் அண்டர் கோட்டிங் அடித்தால் வருடத்துக்கு ஒருமுறை உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உரிந்த கோட்டிங்குக்குள் ஈரம் சிக்கினால், கோட்டிங் இல்லாமல் இருப்பதே மேல்.

உள்ள என்ன பண்ணிருக்கீங்க?

சீட்டுக்கு வெள்ளையும் பச்சையுமாக ரெக்சின். கதவுப் பட்டையில் பனையோலைப் பின்னல். பனை நம் மாவட்டத்துச் சொத்து, பின்னிக் கொடுத்தவர் சாயல்குடிப் பக்கத்து அக்கா. கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், அதனால் கழட்டி வெயிலில் காயப்போடும்படி கிளிப்பில் வைத்திருக்கிறேன். சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அதன் மேல் கவர் தைக்காதீர்கள்.

ஜன்னல் திரை பழைய வேனுக்கு அழகுதான். வண்டி நிற்கும்போது மட்டும் மாட்டுகிறேன். விதிப்படி முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும்.

தனுஷ்கோடிக்கு அடிக்கடி போறீங்களே, எப்படிக் கழுவுறீங்க?

அரிச்சல்முனை போய் வந்த நாளில் ராத்திரியே துடைத்துவிட வேண்டும். ரெண்டு வாளி தண்ணீர் போதும். ஒரு வாளியில் துணியை நனைத்து மேலிருந்து கீழாகத் துடைப்பது, இன்னொன்றில் துணியை அலசுவது. கடைசியாக மிஞ்சும் தண்ணீரைச் சக்கர வளைவுக்குள் அடிப்பது, உப்பு மணல் தங்குவது அங்கேதான். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ நம் மாவட்டத்தில் மனசு வராது, காவிரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஓட்டுத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கிறேன், வண்டிக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

டூரிஸ்டுக்கு வாடகைக்கு விட்டா நல்லா ஓடுமே?

ஓடும், ஆனால் வெள்ளைப் பலகையில் ஓட்டக் கூடாது. மஞ்சள் பலகை, பெர்மிட், எஃப்சி, வாடகை வண்டி இன்சூரன்ஸ் எல்லாம் எடுத்த பிறகு ஓட்டலாம். சொந்த வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றி விபத்தானால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். கல்யாண போட்டோவுக்கு யாராவது கேட்டால் காசில்லாமல் கொடுத்திருக்கிறேன். போன தை மாதம் தங்கச்சிமடத்தில் ஒரு மாப்பிள்ளை பெண்ணை இதில்தான் அழைத்துப் போனார்.

இன்சூரன்ஸ்காரங்கிட்ட சொல்லணுமா? புது வண்டின்னா வாரண்டி போயிருமா?

சொல்ல வேண்டும், எழுத்தில். நிறம் மாறியதையும் முகம் வைத்ததையும் போட்டோவோடு அனுப்பி, பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டு, இடித்த பிறகு 'ஆர்சியில் வெள்ளை, வண்டி பச்சை' என்று கிளம்பினால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

வாரண்டியில் பெயின்ட், துரு சம்பந்தப்பட்ட பகுதியை மறந்துவிடுங்கள். வயரை வெட்டிச் சேர்த்தால் மின்சாரப் பகுதியும் போகும், நான் வெட்டவில்லை. வாரண்டி முடியும்வரை பொறுப்பது நல்லது. நானும் பொறுத்துத்தான் செய்தேன்.

நாளைக்கு விக்கணும்னா யாரு வாங்குவா? பழையபடி ஆக்க முடியுமா?

முகம் கழட்டக்கூடியது. பழைய கிரில்லையும், அதன் கிளிப்களை ஒரு டப்பாவில் போட்டும், சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். எட்டு போல்ட், முக்கால் மணி நேர வேலை. ஒருமுறை கழட்டி மாட்டியும் பார்த்தேன். நிறம் அப்படியே இருக்கும், ஆர்சியிலும் அதுதான் இருக்கிறது, அதனால் வாங்குபவருக்குச் சிக்கல் இல்லை.

முகத்தைச் செய்யக் கொடுக்கும் அன்றே, கழட்டிய ஒவ்வொரு கிளிப்பையும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் விட்டுவிட்டு வந்தால் மறுநாள் அது இன்னொரு வேகன் ஆரில் இருக்கும்.